கணக்கில் 206 வாட் வருகிறது, மேலே 21 வாட் என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு?

அவசரம்12:
வணக்கம். மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் பார்த்தேன், 0.7 ஓம் காட்டியது. சப்ளை 12 வோல்ட். 12-ஐ 12-ஆல் பெருக்கி 0.7-ஆல் வகுத்தால் 206 வாட் வருகிறது. ஆனால் மேலே 21 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டேன், அதே விடைதான். மீட்டர் போய்விட்டதா, சூத்திரம் தப்பா? நாளை காலை ரெக்கார்ட் நோட்டு கொடுக்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கம்பிச்சுருள்:
எதன் மேலே 21 வாட்? ஹீட்டரா, மோட்டாரா, பல்பா? அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

செம்புக்கம்பி:
மீட்டர் லீட்டுக்கே கொஞ்சம் மின்தடை உண்டு. இரண்டு லீட் முனைகளையும் ஒன்றாகத் தொடவைத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே அளக்கும்போது எல்லோரும் இங்கேதான் சறுக்குவார்கள்.

சுழலி:
எனக்கென்னவோ இது டிசி மோட்டார் மாதிரித் தெரிகிறது. மோட்டார் சுற்றும்போது எதிர் மின்னியக்கு விசை, அதாவது சப்ளைக்கு எதிராக ஒரு வோல்ட், உண்டாகி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். நின்றிருக்கும்போது சுருளின் மின்தடையை அளந்து திறன் கணக்கிட்டால் இப்படித்தான் பல மடங்கு கூடுதலாக வரும்.

பழையமீட்டர்:
தம்பி, கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது. பொருள் என்ன, ஏசியா டிசியா, சப்ளையோடு இருக்கும்போது அளந்தாயா, கழற்றி அளந்தாயா? ஒன்றையும் சொல்லவில்லை. ரெக்கார்டுக்கு முந்தின இரவு மீட்டரைக் கையில் எடுத்தால் இப்படித்தான். முதலில் பாடத்தைப் படித்துவிட்டு வா.

கம்பிச்சுருள்:
அவர் அவசரத்தில் இருக்கிறார், விடுங்கள். ஆனால் அந்தக் கேள்விகள் சரிதான். குறிப்பாகக் கடைசிக் கேள்வி. சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது ஓம் அளவில் மீட்டரை வைக்கவே கூடாது. அளவு தப்பாக வரும், மீட்டரும் கெட்டுப்போகலாம்.

அவசரம்12:
மன்னிக்கவும், பல்பு என்று சொன்னதாகவே நினைத்துவிட்டேன். வண்டியில் போடும் 12 வோல்ட் இழை பல்பு. பேட்டரியிலிருந்து கழற்றித்தான் அளந்தேன். லீட்டைத் தொடவைத்தால் 0.2 காட்டுகிறது. கழித்தால் 0.5 ஓம். இப்போது 288 வாட் வருகிறது! இன்னும் மோசமாகிவிட்டதே?

கம்பிச்சுருள்:
பல்பு என்றால் விஷயம் முடிந்தது. உங்கள் மீட்டரும் சரி, சூத்திரமும் சரி. நீங்கள் அளந்தது அணைந்திருக்கும் பல்பின் மின்தடை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாகிறது. அந்தச் சூட்டில் அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். 21 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.75 ஆம்பியர். 12-ஐ 1.75-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.9 ஓம். எரியும் பல்பின் மின்தடை அதுதான்.

அந்த 288 வாட்டும் பொய் இல்லை. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் 24 ஆம்பியர் வரை ஏறப் பார்க்கும். வயரும் பேட்டரியும் கொஞ்சம் தடுக்கும். கண் இமைப்பதற்குள் இழை சூடாகி மின்னோட்டம் இறங்கிவிடும். பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே பட்டென்று போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஓம் அளவை விட்டுவிடுங்கள். பல்பை எரியவிட்டு, வோல்ட்டைப் பல்பின் முனைகளிலேயே அளங்கள். பேட்டரியில் அளந்தால் வயரில் விழும் வோல்ட்டும் சேர்ந்துவிடும். ஆம்பியருக்கு மீட்டரைத் தொடராக இணைத்து, சிவப்பு லீட்டை 10 ஆம்பியர் துளையில் செருகுங்கள். அளந்து முடித்ததும் மறக்காமல் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

சுழலி:
பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படாது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாமே. விதியே பொருந்தாத இடத்தில் மின்தடை கணக்கிடுவதில் என்ன அர்த்தம்?

பழையமீட்டர்:
இதுதான் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை. அது வரையறை, எந்தப் பொருளுக்கும் போடலாம். அந்த விகிதம் மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓம் விதி. இரண்டும் ஒன்றில்லை.

செம்புக்கம்பி:
வெப்பநிலை மாறாதபோது என்று விதியிலேயே நிபந்தனை இருக்கிறதே. அப்படிப் பார்த்தால் பல்பு விதியை மீறவே இல்லை, வெப்பநிலைதான் மாறுகிறது. விதியைக் கண்ட விஞ்ஞானி ஓம் தன் சோதனையைச் செய்தபோது மின்கலத்தின் அழுத்தம் நிலையாக இல்லை என்று அதை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்பமின்னிரட்டையை (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தருவது) எடுத்துக்கொண்டார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். எதையாவது நிலையாகப் பிடித்துக்கொள்ளாமல் அந்த விகிதம் கைக்கு வராது. அதை 1827-இல் நூலாகவே எழுதி வெளியிட்டார்.

சுழலி:
இழையின் வெப்பநிலையை மாற்றுவதே அதில் ஓடும் மின்னோட்டம்தானே? அதைத் தனியாகப் பிரித்துவிட்டு விதி தப்பவில்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வரைபடம் போட்டால் நேர்கோடு வராது. அவ்வளவுதான்.

பழையமீட்டர்:
நேர்கோடு வராது என்று நானும்தான் சொல்கிறேன். வகுக்கக் கூடாது என்று நீ சொல்வதைத்தான் தப்பு என்கிறேன்.

அவசரம்12:
அளந்துவிட்டேன். பல்பின் முனைகளில் 11.9 வோல்ட், 1.7 ஆம்பியர். 7 ஓம், 20.2 வாட். ஆய்வகத்தில் ஒரு மாறும் சப்ளை கிடைத்தது, அதிலும் பார்த்தேன்: 6 வோல்ட்டில் 1.17 ஆம்பியர், 5.1 ஓம். 2 வோல்ட்டில் 0.64 ஆம்பியர், 3.1 ஓம். ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஒரு மின்தடை! கம்பிச்சுருள் அண்ணா, ரொம்ப நன்றி. அந்த 0.5 ஓமையும் ரெக்கார்டில் எழுதலாமா?

கம்பிச்சுருள்:
கட்டாயம் எழுதுங்கள். பக்கத்தில் ‘அணைந்த நிலையில், அறை வெப்பநிலையில், லீட் மின்தடை கழித்து’ என்று குறித்துவிடுங்கள்.