சிகாகோ: வெள்ளிக்கிழமை மேட்சுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எந்த அணி என்று சொல்வது?

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். சிகாகோவுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மாலை மேட்ச் பார்க்கக் குடும்பத்தோடு வரும்படி எங்கள் மேலாளர் குழுவில் உள்ள அனைவரையும் அழைத்து, எனக்கு மூன்று டிக்கெட்டுகளைக் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டார். நேற்று மதிய உணவின்போது "உன் அணி எது?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இதற்கிடையில் வீட்டு உரிமையாளர் அன்போடு கொடுத்த ஒரு நீலத் தொப்பியை என் மகன் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அவனுடைய படத்தைப் பார்த்த சக ஊழியர் ஒருவர், "வெள்ளிக்கிழமை இதைப் போட்டு அழைத்து வராதே" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதைக் கேட்டதிலிருந்து என் மனைவி வரவே பயப்படுகிறார். சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பை கொண்டுபோகலாமா, எப்படித் திரும்பி வருவது, எதுவும் தெரியவில்லை. இன்று இரவுக்குள் யாராவது வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஷாம்பர்க் வாசி:
தம்பி, இது செப்டம்பர் கடைசி என்பதால் அது பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டமாகத்தான் இருக்கும். முதலில் பையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் 2013 முதல் உள்ளே இருப்பது தெரியும் பைகளையும் உள்ளங்கை அளவுப் பர்ஸையும் மட்டுமே அனுமதிக்கிறார்கள். பையின் அளவு 12 அங்குலம், 6 அங்குலம், 12 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாதாரணக் கைப்பையோடு வாசல்வரை போனவர்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது குளிர். பேர்ஸ் ஆடும் சோல்ஜர் ஃபீல்ட் மைதானம் ஏரிக்கரையிலேயே இருக்கிறது, கூரையும் கிடையாது. நான் வந்த முதல் ஆண்டு டிசம்பரில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்வெட்டரோடு அங்கே போய், இரண்டாம் கால் பகுதி முடிவதற்குள் கைவிரல்கள் மரத்துப்போய், டிக்கெட்டை வீணாக்கிவிட்டு வெளியே வந்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் பேசுவதற்கு ஒருவரும் இல்லாமல், வாடகை முன்பணத்துக்கே சம்பளம் போய்க்கொண்டிருந்த நிலையில் நான் பட்டதை இப்போது வருகிறவர்களுக்குச் சொன்னால் புரியாது. குழந்தைக்குக் காது மூடும் குல்லாய் கட்டாயம் வாங்குங்கள்.

லேக்வியூ:
பேர்ஸ் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஆடுவார்கள், எப்போதாவது வியாழனும் திங்களும். ஆகவே வெள்ளி மாலை என்பது பேஸ்பாலாக இருக்க வேண்டும். பேஸ்பால் என்றால் தயங்காமல் கப்ஸ் என்று சொல்லுங்கள், உங்கள் மகன் அணிந்திருப்பதும் அவர்களுடைய தொப்பியாகத்தான் இருக்கும். அவர்களுடைய மைதானமான, 1914இல் கட்டிய ரிக்லி ஃபீல்டில் ஆடுகளத்தின் எல்லைச் சுவர் முழுக்க ஐவிக் கொடி படர்ந்திருக்கிறது. ஸ்கோர் பலகையில் இன்றும் ஆட்கள் உள்ளே நின்று எண்களைக் கையால் மாற்றுகிறார்கள். வென்றால் நீல எழுத்துள்ள வெள்ளைக் கொடியும், தோற்றால் வெள்ளை எழுத்துள்ள நீலக் கொடியும் ஏறும். ரயிலில் கடந்து போகிறவர்கள் கொடியைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொள்வார்கள். 1908க்குப் பிறகு 108 ஆண்டுகள் காத்திருந்து 2016இல் இந்த அணி கோப்பையை வென்ற இரவில் நான் ரிக்லிக்குப் பக்கத்து ஆடிசன் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தேன். அறிமுகமே இல்லாத ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இதைப் பார்க்காமலேயே இறந்துபோன தம் அப்பாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுதார். இந்த ஊர் என் ஊர் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

நேப்பர்வில் ராஜா:
நண்பரே, ஊரின் இன்னொரு பேஸ்பால் அணியான ஒயிட் சாக்ஸின் மைதானமாக இருந்தால் குடும்பத்தோடு போகாதீர்கள். அது தெற்குப் பகுதி. இரவு ஒன்பது மணிக்கு மேல் அங்கே குழந்தையோடு ரயிலுக்குக் காத்திருப்பது சரியாக வராது. வேறு வேலை இருப்பதாக மேலாளரிடம் சொல்லிவிடலாம். விளையாட்டுதான் வேண்டுமென்றால் நம் பக்கத்திலேயே வார இறுதியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், அதற்கு வாருங்கள்.

முப்பத்தைந்தாம் தெரு:
ராஜா அண்ணா, நான் அந்த மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவள். நெடுஞ்சாலைக்கு மேற்கே மைதானம், கிழக்கே எங்கள் வளாகம். அங்கே தமிழ் மாணவர்களுக்குக் குறைவில்லை. தெற்குப் பகுதி என்ற ஒரே சொல்லால் ஊரில் பாதியை ஒதுக்கிவிடுவது சரியில்லை. ஆட்டம் முடியும் நேரத்தில் ரயில் நிலையத்தில் குழந்தைகளைத் தோளில் தூக்கிய பெற்றோரும் முதியவர்களும் ஆயிரக்கணக்கில் நிற்பார்கள், காவலர்களும் இருப்பார்கள். பெரிய நகரத்தில் இரவில் எங்கே போனாலும் இருக்க வேண்டிய கவனம் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1933இல் பேஸ்பாலின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஆடவைக்கும் முதல் ஆல் ஸ்டார் ஆட்டம் நடந்தது இங்கே இருந்த பழைய கோமிஸ்கி பார்க்கில்தான். கறுப்பினத்தவர்களைப் பெரிய லீகுகள் சேர்த்துக்கொள்ளாத அந்தக் காலத்தில், கறுப்பின வீரர்கள் தங்களுக்கென்று நடத்திய கிழக்கு–மேற்கு ஆட்டமும் அதே ஆண்டு அதே இடத்தில் தொடங்கியது. 2005இல் ஒயிட் சாக்ஸ் கோப்பையை வென்றபோது அதற்கு முந்தைய வெற்றி 1917இல் கிடைத்ததாக இருந்தது. அந்த 88 ஆண்டுக் காத்திருப்பை யாரும் பேசுவதில்லை, கப்ஸின் காத்திருப்பைத்தான் உலகமே பேசுகிறது. இந்த வருத்தம் தெற்குப் பகுதிக்காரர்களிடம் நிஜமாகவே இருக்கிறது. போப் பதினான்காம் லியோவும் ஒயிட் சாக்ஸ் ரசிகர்தான். 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தது தொலைக்காட்சிப் பதிவில் தெரிகிறது.

லேக்வியூ:
வரலாற்றை மறுக்கவில்லை சகோதரி. ஆனால் 2024இல் 121 ஆட்டங்களில் தோற்று, நவீன காலத்தில் ஒரே ஆண்டில் மிக அதிகமாகத் தோற்ற அணி என்ற பெயரைப் பெற்றதும் அதே ஒயிட் சாக்ஸ்தானே. புதிதாக வருகிறவரை அந்த வேதனைக்குள் ஏன் இழுக்க வேண்டும்?

ஷாம்பர்க் வாசி:
வேதனை என்றால் எல்லா அணிகளிலும் இருக்கிறது. 1985 பருவத்துக்குப் பிறகு பேர்ஸ் ஒரு சூப்பர் பௌல்கூட, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் இறுதிக் கோப்பையை, வெல்லவில்லை. 2003இல் பொதுப்பணத்தில் புதுப்பித்த மைதானத்தின் கடனே இன்னும் அடையவில்லை, அதற்குள் 2023இல் ஆர்லிங்டன் ஹைட்ஸில் பழைய குதிரைப் பந்தய நிலம் 326 ஏக்கரை வாங்கிவிட்டார்கள். அங்கே மைதானம் வருமா, வந்தால் சொத்து வரி என்ன ஆகும் என்பதே எங்கள் பக்கத்தில் நாள்தோறும் பேச்சு.

நேப்பர்வில் ராஜா:
தொலைக்காட்சியை விட்டுவிட்டீர்களே. கப்ஸுக்கு ஒரு சேனல், 2024 அக்டோபரிலிருந்து கூடைப்பந்து அணி புல்ஸ், ஐஸ் ஹாக்கி அணி பிளாக்ஹாக்ஸ், ஒயிட் சாக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து இன்னொரு சேனல். மாதாமாதம் பணம் கட்டியும் என் கேபிள் இணைப்பில் புல்ஸ் ஆட்டம் பல மாதங்கள் வரவே இல்லை. ஜோர்டன் காலத்தில் 1991 முதல் 1998 வரை ஆறு கோப்பைகள் வென்ற அணியை அதன் சொந்த ஊரிலேயே பார்க்க முடியவில்லை.

அரோரா அம்மா:
அந்தப் பிள்ளை கேட்டது இன்று இரவுக்குள் பதில். நாம் நம் குறைகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம். தம்பி, மூன்று விவரம் வேண்டும். டிக்கெட்டில் எந்த மைதானத்தின் பெயர் இருக்கிறது? வீடு எங்கே, கார் இருக்கிறதா? பிள்ளைக்கு எத்தனை வயது? என் கணிப்பில் அது ஒயிட் சாக்ஸ் ஆட்டம்தான். ரிக்லி ஃபீல்ட் குடியிருப்புகளுக்கு நடுவில் இருப்பதால் இரவு ஆட்டங்களுக்கு நகராட்சி கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அங்கே விளக்கு போட்டதே 1988இல்தான். வெள்ளிக்கிழமைகளில் அங்கே பெரும்பாலும் மதியமே ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

புதுவரவு:
மிக்க நன்றி அம்மா. டிக்கெட்டில் 'ரேட் ஃபீல்ட்' என்று இருக்கிறது. மேலாளரோ 'கோமிஸ்கி வாசலில் சந்திப்போம்' என்று எழுதியிருந்தார், வரைபடத்தில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காததால் கூடுதலாகக் குழம்பிவிட்டேன். வீடு நேப்பர்வில் ரயில் நிலையத்துக்கு அருகில், கார் இன்னும் வாங்கவில்லை. மகனுக்கு ஏழு வயது. நாங்கள் மூவரும் சைவம். மேலாளர் பிரிட்ஜ்போர்ட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அரோரா அம்மா:
இரண்டும் ஒரே இடம்தான். 1991இல் பழைய மைதானத்தின் பக்கத்திலேயே புதியதைக் கட்டி, அதற்கும் அதே பெயரை வைத்தார்கள். பிறகு விளம்பரதாரர்கள் மாற மாற, யு.எஸ். செல்லுலார் ஃபீல்ட், கேரண்டீட் ரேட் ஃபீல்ட், இப்போது ரேட் ஃபீல்ட் என்று பெயரும் மாறியது. அந்தப் பகுதியில் வளர்ந்தவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். பிரிட்ஜ்போர்ட் மைதானத்தை ஒட்டிய குடியிருப்பு. உங்கள் மேலாளர் உங்களைத் தம் வீட்டுக்கு அழைப்பதுபோல நினைத்து அழைத்திருக்கிறார், கட்டாயம் போங்கள்.

தொப்பியால் ஆபத்து ஒன்றும் வராது. ஏழு வயதுப் பிள்ளையை யாரும் கடிந்து பேச மாட்டார்கள், ஆனால் ஆளுக்கு ஆள் சீண்டுவார்கள், அது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் தொப்பியை வீட்டில் விட்டுவிட்டு, வாசலில் சாக்ஸின் கறுப்புத் தொப்பி ஒன்று வாங்கித் தருவதாகப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் தேசிய கீதத்துக்கு எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள்.

எந்த அணி என்று கேட்டால், இன்னும் முடிவு செய்யவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர்களுக்கு அந்த அணி எப்படி வந்தது என்று கேளுங்கள். இங்கே அணி என்பது பெரும்பாலும் வீட்டின் முகவரியோடும் தாத்தாவோடும் வருவது. அதைச் சொல்வதில் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கப்ஸும் பிடிக்கும் சாக்ஸும் பிடிக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள், இரு பக்கத்தாரும் ஏற்க மாட்டார்கள். கூடைப்பந்தில் புல்ஸ், ஐஸ் ஹாக்கியில் பிளாக்ஹாக்ஸ், அமெரிக்கக் கால்பந்தில் பேர்ஸ் என்றால் ஊர் முழுக்க ஒன்றுதான், அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். 2021இல் பட்டம் வென்ற ஸ்கை பெண்கள் கூடைப்பந்து அணியும் அப்படித்தான்.

உணவில் கவனம் வேண்டும். இந்த ஊர் ஹாட் டாக் மாட்டிறைச்சியில் செய்வது, இத்தாலியன் பீஃபும் அதேதான். உங்களுக்கு ஏற்றது எலோட்டே. வேகவைத்த சோளத்தை முத்துமுத்தாக வெட்டிக் கோப்பையில் போட்டு, வெண்ணெய், சீஸ், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு கலந்து தருவார்கள். அந்த மைதானத்தில் அதற்கென்றே வரிசை நிற்கும். மயோனைஸ் சேர்ப்பார்கள், முட்டை கூடாதென்றால் அது வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பை, வீட்டு உணவு, தண்ணீர்ப் பாட்டில் பற்றிய விதிகள் ஒவ்வொரு மைதானத்துக்கும் வேறு. ஷாம்பர்க் அண்ணா சொன்ன அளவு பேர்ஸுக்கு உரியது. புறப்படும் முன் சாக்ஸ் அணியின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டு, முடிந்தவரை பையில்லாமல் போங்கள்.

முப்பத்தைந்தாம் தெரு:
வழியை நான் சொல்கிறேன் அண்ணா. நேப்பர்வில்லில் பி.என்.எஸ்.எஃப். தடத்தில் மெட்ரா புறநகர் ரயில் ஏறினால் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து ஜாக்சன் தெருவிலேயே கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் ரெட் லைன் என்ற நகர ரயில் தடத்தின் ஜாக்சன் நிலையம். 95ஆம் தெரு நோக்கிச் செல்லும் ரயிலில் ஏறி 'சாக்ஸ்–35' நிலையத்தில் இறங்கினால் மைதானம் கண்முன்னே. திரும்பும்போது ஹோவர்ட் நோக்கிச் செல்லும் ரயில். இரவில் மெட்ரா இடைவெளி விட்டு விட்டுத்தான் வரும் என்பதால், கடைசி இரண்டு ரயில்களின் நேரத்தை முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் வசிக்கும் சக ஊழியர் யாராவது காரில் வந்தால், திரும்பும்போது சேர்ந்து வர முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

பந்து வந்து பட்டுவிடுமோ என்றும் உங்கள் மனைவி பயப்பட வேண்டாம். 2019இலேயே ஆடுகள எல்லையைக் காட்டும் இரு பக்க ஃபவுல் கம்பங்கள் வரை வலையை நீட்டிவிட்டார்கள், பெரிய லீகில் அதை முதலில் செய்தது இந்த மைதானம்தான். வலைக்கு அப்பால் வந்து விழும் பந்தை, நம் கிரிக்கெட்டைப் போலத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சாக்ஸ் வீரர் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தால் ஸ்கோர் பலகையிலிருந்து வாணங்கள் வெடித்துச் சீறும். 1960இல் பழைய மைதானத்தில் தொடங்கிய வழக்கம் அது. வெள்ளிக்கிழமைகளில் ஆட்டம் முடிந்தபின்னும் வாணவேடிக்கை இருப்பது வழக்கம். சத்தத்துக்கு உங்கள் மகன் பயப்படுவான் என்றால் காதுக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

2023இல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் மைதானமே எழுந்து நின்று பாடும், அதுவரையாவது இருங்கள். அந்தப் பாட்டைக் கூட்டத்தோடு பாடும் வழக்கத்தை ஹாரி கேரி என்ற வர்ணனையாளர் தொடங்கியது 1976இல் இந்த சாக்ஸ் மைதானத்தில்தான், கப்ஸுக்கு அவர் பிறகு போனார். லேக்வியூ அண்ணா இதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

லேக்வியூ:
ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று சேர்க்கிறேன்: எம்.எல்.பி. பால்பார்க் செயலியை இன்றே இறக்கி, மேலாளர் அனுப்பிய மூன்று டிக்கெட்டுகளையும் உங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள். வாசலில் கூட்டம் கூடும்போது இணையம் மெதுவாகிவிடும். கைப்பேசியை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு போங்கள், திரும்பும் ரயில் டிக்கெட்டும் அதில்தானே இருக்கும்.

புதுவரவு:
செயலியில் மூன்று டிக்கெட்டுகளும் வந்துவிட்டன. மனைவி வருவதாகச் சொல்லிவிட்டார். மகன் கறுப்புத் தொப்பிக்குச் சம்மதித்துவிட்டான், நீலத் தொப்பியை வீட்டில் போட்டுக்கொள்வானாம். நேப்பர்வில்லில் இருந்தே வரும் சக ஊழியர் ஒருவரிடம் திரும்பும்போது காரில் இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறேன். இடம் இல்லையென்றால் வாணவேடிக்கைக்குக் காத்திருக்காமல் ஆட்டம் முடிந்தவுடனே ரெட் லைனைப் பிடித்துவிடுகிறோம்.