பேப்பர் கட்டிங் பழகத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்? கிட் வாங்கலாமா?

தாள்பறவை:
எல்லோருக்கும் வணக்கம். ஒரே தாளில் ஒரு மரம், அதன் கிளைகளில் பத்துப் பதினைந்து பறவைகள், எதையும் தனியாக ஒட்டவில்லை, எல்லாமே அந்த ஒரு தாளிலிருந்து வெட்டியெடுத்தது. அப்படி ஒரு படத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். நானும் பழக வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து விடவே இல்லை.

வீட்டில் இருந்த, நுனியை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டரை எடுத்து, கீழே பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டு முயன்றேன். நேர்கோடு பரவாயில்லை. சின்ன இலை வெட்டப் போனால் தாள் கத்தியோடு சேர்ந்து இழுபடுகிறது, மூலையெல்லாம் கிழிந்து பிசிறு நிற்கிறது. என் கை சரியில்லையா கத்தி சரியில்லையா என்றே தெரியவில்லை.

தேடினால் முப்பது நாற்பது உருப்படி கொண்ட கிட்தான் வருகிறது. விதவிதமான பிளேடு, மூன்று கைப்பிடி, இடுக்கி, ஊசி என்று ஏகப்பட்டது. அது தேவையா, தனித்தனியாக வாங்குவது நல்லதா? அப்புறம், நான் இடது கைப் பழக்கம் உள்ளவன். என் மகளுக்கு ஒன்பது வயது, நான் உட்கார்ந்தால் அவளும் பக்கத்தில் வந்து தானும் வெட்ட வேண்டும் என்கிறாள். அவள் கையில் எதைக் கொடுப்பது?

கூர்நுனி:
உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது. செய்தித்தாள் மெத்தென்று இருப்பதால் கத்தியை அழுத்தும்போது மேலே உள்ள தாள் அதற்குள் அமுங்கிக் கிழிகிறது. அந்தக் கட்டரும் அட்டை, பெட்டி வெட்டுவதற்கானது. பிளேடு அகலம், சின்ன வளைவில் திரும்பாது.

கிட் வேண்டாம். நான் கிட்டில்தான் தொடங்கினேன், அதில் வந்த பிளேடுகளில் ஒரே ஒரு வகையைத்தான் இத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறேன், மற்றதெல்லாம் டப்பாவில் அப்படியே கிடக்கிறது. பென்சில் மாதிரிப் பிடிக்கிற உலோகக் கைப்பிடி ஒன்றும், அதில் பொருத்த 11-ஆம் எண் பிளேடு நிறையவும் வாங்குங்கள். நிறைய என்பதை அழுத்திச் சொல்கிறேன். கைப்பிடி சுமாராக இருந்தாலும் புது பிளேடு நன்றாக வெட்டும், எவ்வளவு நல்ல கைப்பிடியாக இருந்தாலும் மழுங்கின பிளேடு உங்களை அழ வைத்துவிடும்.

அறுவை சிகிச்சைக் கத்தியின் 3-ஆம் எண் கைப்பிடியில் 10ஏ அல்லது 11 பிளேடு போட்டு வெட்டுகிறவர்களும் உண்டு. மெல்லியது, கூர்மை அதிகம். ஆனால் பிளேடைக் கழற்றி மாட்டும்போதுதான் விரலை வெட்டிக்கொள்வார்கள், இடுக்கியால் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். முதல் கத்தியாக அதை நான் சொல்ல மாட்டேன். இன்னொன்று, அந்த 11-ஆம் எண் வேறு, நான் முதலில் சொன்ன, பென்சில் மாதிரிப் பிடிக்கிற கைவினைக் கத்தியின் 11-ஆம் எண் வேறு. எண் ஒன்றுதானே என்று மாற்றி வாங்கினால் கைப்பிடியில் பொருந்தாது.

கீழே போட கட்டிங் மேட் கட்டாயம். ஏ4 போதும் என்று தோன்றும், முடிந்தால் ஏ3 வாங்குங்கள். ஏனென்றால் வளைவு வெட்டும்போது கத்தியைத் திருப்பக் கூடாது, தாளைத்தான் திருப்ப வேண்டும், சின்ன மேட்டில் தாளின் ஓரம் வெளியே போய் மடங்கும். கண்ணாடி மேல் வைத்து வெட்டினால் வெட்டு சுத்தமாக விழும், ஆனால் பிளேடு நுனி சீக்கிரம் போய்விடும். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், சூடான பாத்திரமும் வேண்டாம். ஒருமுறை வளைந்தால் மறுபடி சமமாக வராது.

ஸ்கேல் எஃகில் ஒன்று, 15 செ.மீ. போதும். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் கத்தி சீவிவிடும்.

மல்லிகைச்சரம்:
சகோ, மகளுக்குக் கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் கொடுங்கள். அதைக் குறைவாக நினைக்காதீர்கள், இந்தக் கலையின் பெரிய பாதி கத்தரிக்கோலில்தான் வளர்ந்தது. ஜெர்மன் மொழியில் இதற்கு ஷேரன்ஷ்னிட் என்று பெயர், அதற்கு அர்த்தமே கத்தரி வெட்டு. போலந்துக் கிராமங்களில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரியை வைத்தே நுணுக்கமான பூவும் சேவலும் வெட்டியிருக்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த சீனத் தாள் வெட்டுக் கலையிலும் கத்தி, கத்தரி இரண்டும் உண்டு.

அவள் வயதுக்கு முனை மழுங்கலான சின்னக் கத்தரி, சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், எண் கூடினால் பொதுவாகத் தாள் தடிமன்), இரண்டாகவோ நான்காகவோ மடித்து வெட்டுவது. பிரிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியும் பாருங்கள், அந்த நொடிக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வெட்டுவார்கள். கத்தரி பிடித்த கை ஒரே இடத்தில் இருக்கட்டும், மற்ற கை தாளைத் திருப்பட்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். மடித்த விளிம்பு முழுவதையும் வெட்டிவிட்டால் இரண்டு துண்டாகிவிடும், அதையும் ஒருமுறை வெட்டியே காட்டிவிடுங்கள். வாயால் சொன்னால் புரியாது.

நீங்கள் இடது கைக்காரர் என்பதால் சொல்கிறேன், கத்திக்கு அது பிரச்சினையே இல்லை. கத்தரிக்குத்தான் பிரச்சினை. வலது கைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், விரல் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கிவிடும், தாள் நடுவில் மாட்டி மடியும். கைப்பிடி வளைவை மட்டும் மாற்றிவிட்டு இடது கைக்கு என்று விற்பதும் உண்டு. அலகுகளே இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தாள்பறவை:
மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. கிட் யோசனையை விட்டுவிட்டேன். பிளேடை எப்போது மாற்றுவது? தாள் எது? கடினமான அட்டையில் வெட்டினால் உறுதியாக நிற்கும் என்று நினைத்தேன், சரிதானா?

கூர்நுனி:
கணக்கெல்லாம் கிடையாது, கை சொல்லும். முதலில் வெண்ணெயில் போகிற மாதிரி போன பிளேடு எப்போது கொஞ்சம் அழுத்தச் சொல்கிறதோ, அப்போதே மாற்றிவிடுங்கள். அழுத்தி வெட்டும்போதுதான் கத்தி வழுக்கும், மற்ற கை விரல் அந்த வழியில் இருக்கும். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாதீர்கள், எடுக்கிறவர் கையைக் கிழிக்கும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் சேர்த்து வையுங்கள். கத்தி மேசையிலிருந்து உருண்டு விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை இழுத்துக்கொள்ளுங்கள். உருளாமல் இருக்கக் கைப்பிடியில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தாலே போதும். மகள் பக்கத்தில் இருக்கும்போது, கத்தியை வைத்தவுடன் மூடி போடுகிற பழக்கம் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

இழைக்கோடு:
தாள் பற்றி நான் சொல்கிறேன். அட்டையில் தொடங்காதீர்கள். 200 ஜிஎஸ்எம்மில் ஒரே இழுப்பில் வெட்டு விழாது, இரண்டு மூன்று முறை அதே கோட்டில் போக வேண்டும், விரல் வலித்து ஆசையே போய்விடும். பழக 80, கொஞ்சம் கை வந்ததும் 100 முதல் 120. வழவழப்பான, இறுக்கமான தாள் நல்லது. சொரசொரப்பான, பஞ்சு மாதிரித் தாளில் எந்த பிளேடு போட்டாலும் நார் நிற்கும். கலர் தாள் என்றால் ஒரு ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் வெட்டின விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

வெட்டும் வரிசையும் முக்கியம். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஓட்டைகளை முதலில் வெட்டுங்கள், வெளி விளிம்பைக் கடைசியில். விளிம்பு இருக்கிறவரைதான் தாள் விறைப்பாக நிற்கும், முதலில் எடுத்துவிட்டால் நடுவில் வெட்டும்போது தாள் துவண்டு கிழியும். மூலை வந்தால் மூலையிலிருந்து இரண்டு பக்கமும் வெளியே போகிற மாதிரி இரண்டு தனி வெட்டு போடுங்கள், ஒரே இழுப்பில் திரும்பப் பார்க்காதீர்கள். துண்டு தானாக விழவில்லையா, விரலால் பிய்க்க வேண்டாம், நுனியை மறுபடி அந்த மூலையில் வையுங்கள். உங்களுக்குப் பிசிறு வந்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

தாள்பறவை:
ஆமாம், பிய்த்துத்தான் எடுத்தேன்! கைப்பிடி ஒன்று, 11-ஆம் எண் பிளேடு நூறு, ஏ3 மேட், எஃகு ஸ்கேல், எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு கத்தரி, இவ்வளவும் வாங்குகிறேன். கடைசியாக ஒன்று, படத்தைத் தாளின் எந்தப் பக்கம் வரைவது?

இழைக்கோடு:
பின்பக்கம், இடம் வலம் மாற்றி. அப்போது அழிக்க வேண்டிய பென்சில் கோடு முன்னால் இருக்காது. எழுத்து வெட்டுவதாக இருந்தால் மட்டும், வரைந்த பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.