போ நதிக்கரையில் ஆறு நாள் சைக்கிள்: வழியில் கிடைத்த மனிதர்கள்

இத்தாலியில் சைக்கிள் பயணம் என்றதும் எல்லாரும் கேட்டது, "டஸ்கனியா?" என்றுதான். இல்லை. நானும் என் நாத்தனாரும் போனது அதற்கு வடக்கே, மேடே இல்லாத போ நதிச் சமவெளிக்கு. கார்தா ஏரியின் தென்முனையில் பெஸ்கியேரா என்ற ஊரில் சைக்கிளைக் கையில் கொடுத்தார்கள். மாந்தோவா, ஃபெராரா, கியோஜா வழியாகப் போய் வெனிஸ் வாசலில் திருப்பிக் கொடுத்தோம். ஆறு நாள், முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு 52, அண்ணிக்கு 58. எங்கள் இருவருக்கும் சேர்த்து நல்ல முட்டி மூன்று. டஸ்கனி வேண்டாம் என்று முடிவெடுத்தது அந்த நான்காவது முட்டிதான்.

கைடாக ஓர் இளம்பெண், பெட்டிகளைத் தூக்கிவர ஒரு வேன், குழுவில் பதினோரு பேர். அதில் நான்கு பேர் டச்சுக்காரர்கள். நாம் செருப்பு மாட்டுவதுபோல அவர்கள் சைக்கிள் ஏறுகிறார்கள். ஒரு கையில் போன், மறு கையில் வாழைப்பழம், ஹேண்டில்பார் தானாகப் போகிறது. நாங்கள் இரண்டு கையையும் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு பின்னால் போனோம்.

முதல் நாள் மிஞ்சோ ஆற்றை ஒட்டி மாந்தோவா வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர். பெரும்பாலும் கார் வராத பாதை, நிழல் உண்டு. போர்கெத்தோ என்ற இடத்தில் ஆற்றின் மேலேயே கட்டிய பழைய மாவு மில்கள், எங்கு பார்த்தாலும் செல்ஃபி. அழகான இடம்தான், ஆனால் சொல்ல ஒன்றுமில்லை.

மாந்தோவாவை மூன்று பக்கம் ஏரி சுற்றியிருக்கிறது. மேல் ஏரியில் படகில் கூட்டிப் போனார்கள். பார்த்தால், தாமரை! நம் ஊர்த் தாமரையேதான். 1920களில் யாரோ கொண்டுவந்து நட்டது, இப்போது ஏரியை அடைத்துவிடும் என்று ஆண்டுதோறும் வெட்டித் தள்ளுகிறார்களாம். நாங்கள் போனது செப்டம்பர் நடுவில், பூ முடிந்து காய் நிற்கும் நேரம். படகுக்காரர் ஞாபகப் பொருளாக ஆளுக்கொரு காயை நீட்டினார். பூச்சாடியில் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். அண்ணி அதை வாங்கிய கையோடு பிய்த்து, பச்சைக் கொட்டையை நகத்தால் உரித்து, நடுவில் இருந்த கசப்புக் குருத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். அண்ணி அவருக்கும் ஒன்று உரித்துக் கொடுத்தார். முகர்ந்தார், அண்ணி முகத்தைப் பார்த்தார், மென்றார். பிறகு கரைக்கு வரும்வரை அவரே நாலைந்து காயைப் பறித்து உரித்துத் தின்றுகொண்டே வந்தார்.

சாப்பாட்டைப் பற்றிப் பயந்துகொண்டு போனோம், இருவரும் சைவம். மாந்தோவாவின் பேர்போன சமையலில் கழுதைக் கறிக் குழம்பும் ஒன்று. ஆனால் பரங்கிக்காய் தொர்த்தெல்லி என்று ஒன்று இருக்கிறது. மைதா மாவுக்குள் மசித்த பரங்கி, பாதாம் பிஸ்கட் தூள், கடுகுக் காரம் சேர்த்த பழப்பாகு, எல்லாம் அடைத்து வேகவைத்து வெண்ணெயில் புரட்டித் தருகிறார்கள். இனிப்புக் கொழுக்கட்டையின் மேல் சீஸ் துருவினால் எப்படியிருக்கும்? முதல் வாய்க்கு விநோதம், நான்காவது வாய்க்குத் தட்டு காலி. (அந்த சீஸிலும் கன்றுக்குட்டி வயிற்று உறை ஊற்றுகிறார்கள் என்று டச்சுக்காரர் விளக்க வந்தார். சாப்பிட்டு முடிக்கிறவரை பேசாதீர்கள் என்றேன்.)

இனி நான் இந்தப் பயணத்துக்கே போன காரணம். மாந்தோவா மாவட்டத்தில்தான் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே இருக்கிறது. 1680இல் கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்த ஊர். நம் வீரமாமுனிவர். சைக்கிள் பாதை அந்தப் பக்கம் போகாது. கைடிடம் கேட்டால் அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றாள். ஓய்வு விட்ட மத்தியானம் நாங்கள் இருவரும் டாக்சி வைத்துக்கொண்டு போனோம்.

ஊரில் கேட்ட இடத்திலெல்லாம் இரண்டு வழிதான் காட்டினார்கள். ஒன்று, புனித லூயிஜி கொன்சாகா பேராலயம். அவரும் அதே ஊர்க்காரர், அவரது மண்டையோட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்னொன்று செஞ்சிலுவை அருங்காட்சியகம். 1859இல் பக்கத்தில் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்டவர்களை வண்டி வண்டியாக இந்த ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுச் சிப்பாய் என்று பாராமல் காயம் துடைத்ததைப் பார்த்துத்தான் ஆன்றி துனானுக்கு செஞ்சிலுவை யோசனை வந்தது. இரண்டும் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு என் ஆள் வேண்டும்.

கால் ஓய்ந்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கல்லாவில் அறுபது வயதுப் பெண்மணி. போன் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் இந்த ஊர் என்று கேட்டார். பில் தாளின் பின்பக்கம் "தேம்பாவணி" என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். முதல் எழுத்தின் கொம்பில் மேலேயும் ஒரு சுழி இருக்கிறதே, அதை விரலால் தொட்டுக் காட்டி, "இதை எங்களுக்குக் கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரர்" என்றேன். முன்பெல்லாம் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு, குறிலானால் மேலே புள்ளி, அதையும் ஓலையில் பல சமயம் வைக்க மாட்டார்கள் என்று அண்ணி சேர்த்துக்கொண்டார். போன் இதை எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது. அந்த அம்மா சுழியை மட்டும் விரலால் இரண்டு மூன்று முறை காற்றில் போட்டுப் பார்த்தார். தாளைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்றார். காப்பிக்குக் காசு வாங்கவில்லை.

நான்காம் நாள் போ நதிக் கரைமேல் ஃபெராராவை நோக்கி எழுபது கிலோமீட்டர். இதைப் பற்றி யாரும் அழகாகப் பொய் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மாடி உயரக் கரை, ஒரு மரம் கிடையாது, மூஞ்சியில் எதிர்காற்று, இந்தப் பக்கம் சோளக்கொல்லை, அந்தப் பக்கம் ஆறு, ஒரு மணி நேரம் மிதித்தாலும் அதே சோளக்கொல்லை. அங்கேதான் என் பின் டயர் படுத்தது. எடுத்துப் பார்த்தால் நெருஞ்சி முள்! சிறுவயதில் எங்கள் ஊர்க் கொள்ளிடக் கரையில் காலில் ஏறிய அதே முள். கைடு முன்னால் மூன்று கிலோமீட்டரில். வேன் கரைமேல் வர அனுமதியில்லை.

எதிரே ஒரு தாத்தா, கம்பி பிரேக் வைத்த துருப்பிடித்த சைக்கிளில் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைக் கவிழ்த்தார், டியூபை உருவினார், காற்றடித்து உதட்டருகே வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தி எச்சில் தொட்டு வைத்தார், குமிழி வந்தது. பிறகு டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி இன்னும் இரண்டு முள்ளைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார், பல் பிடுங்கிய டாக்டர் பல்லைக் கையில் கொடுப்பதுபோல.

கைடு திரும்பி வந்தபிறகுதான் அவர் பேச்சு எங்களுக்குப் புரிந்தது. வயது எண்பது. அந்த இடம் ஒக்கியோபெல்லோ. 1951 நவம்பர் 14 இரவு அங்கே கரை உடைந்தபோது அவருக்கு ஏழு வயது. ஆறு கீழே ஓடுகிறது, ஊர் அதற்கும் கீழே இருக்கிறது. மாடி ஜன்னல் வழியாகப் படகில் ஏற்றினார்களாம். நூறு பேருக்கு மேல் செத்தார்கள், ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் வீடு விட்டுப் போனார்கள், பாதிப்பேர் மிலான், டூரின் மில் வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. "நாங்கள் திரும்பினோம், என் அம்மாவுக்குக் கோழி வளர்க்க இடம் வேண்டும்" என்றார். இப்போதும் தினம் ஒருமுறை கரைமேல் சைக்கிளில் போய்வருகிறார். என்ன பார்ப்பீர்கள் என்றேன். பெருச்சாளி மாதிரி ஒரு பிராணி கரையில் வளை தோண்டுகிறதாம், நூத்ரியா என்று பெயர். வளை எங்கே என்று பார்ப்பாராம். அவர் அரசாங்க ஆள் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு அந்தச் சோளக்கொல்லை எனக்கு அலுக்கவில்லை. எதிர்காற்று மட்டும் அலுத்தது.

கடைசி நாள் கியோஜாவிலிருந்து படகு, பெலெஸ்த்ரீனா, லீதோ தீவுகளில் கொஞ்சம் மிதி. வெனிஸுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கக்கூட அனுமதியில்லை என்பதால் ஓரத்திலேயே விடைபெற்றோம்.

உங்களுக்கும் இப்படி யாராவது கிடைத்திருந்தால் எழுதுங்கள். இடத்தைவிட ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

* * *

அக்கா, நல்லா எழுதியிருக்கிறீங்கள். நான் சுவிஸில இருக்கிறன். போன வைகாசியில நாங்கள் நாலு பேர் சியெனாவில இருந்து ரோம் வரைக்கும் போனனாங்கள், கைடோடதான். கான்டர்பரி பேராயர் சிஜெரிக் 990இல ரோமுக்குப் போயிட்டுத் திரும்பேக்க தங்கின இடங்களைக் குறிச்சு வச்சவர், அந்த யாத்திரை வழிதான் எங்கட வழியும்.

உங்களுக்கு முட்டி எண்டால் எங்களுக்கு பேட்டரி. ராதிகோஃபானி எண்டு ஒரு ஊர், 800 மீட்டர் உயரத்தில, பழைய கோட்டையோட. பாதி ஏத்தத்தில என்ர ஈ-பைக் செத்துப் போச்சு. உயிர் இல்லாத ஈ-பைக்கை ஏத்தத்தில உருட்டினால் தெரியும், மாட்டைத் தள்ளுற மாதிரி. அந்த நேரம் பார்த்து மூண்டு வெள்ளை நாய், கண்டுக்குட்டி அளவு, குரைச்சுக்கொண்டு வந்திட்டுது. மரெம்மா நாய். ஆட்டுக்குக் காவல், சைக்கிளைக் கண்டால் ஆகாது. தூரத்தில ஒரு மனுசன் "இறங்கு, நட!" எண்டு கத்தினவர். ஓடக்கூடாது, சைக்கிளை நடுவில வச்சுக்கொண்டு மெல்ல நடக்க வேணும். நடந்தன், நாய் அடங்கீட்டுது.

கிச்சினில பத்து வருஷம் இத்தாலிக்காரரோட வேலை செய்ததால பாஷை வரும். ஆனா அவற்ற பேச்சு வேற மாதிரி இருந்தது. கேட்டன். அவர் சார்தேன்யா தீவு. தகப்பன் அறுபதுகளில ஆடுகளையும் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து, ஆக்கள் விட்டுட்டுப் போன காணியை எடுத்தவராம். இவர் பிறந்ததே இங்க, எண்டாலும் ஊர் ஆக்கள் இண்டைக்கும் "சார்தோ" எண்டுதான் கூப்பிடுறவையாம். "நீ எவ்வளவு காலம்?" எண்டு கேட்டவர். இருபத்தெட்டு வருஷம் எண்டன். "பிள்ளையள்?" "அங்க பிறந்ததுகள்." "அப்ப அதுகளையும் கூப்பிடுவாங்கள்" எண்டு சொல்லிச் சிரிச்சவர். உள்ள போய் இளஞ்சூட்டோட ரிக்கொத்தா, மெத்தெண்ட சீஸ், ஒரு பிளாஸ்டிக் கோப்பையில கொண்டுவந்து தந்தவர், கரண்டி இல்லாமல். கைடும் வேனும் வர முக்கால் மணித்தியாலம் ஆச்சு. அந்த முக்கால் மணித்தியாலத்துக்காக நான் அந்தக் கம்பெனிக்குக் காசு குடுத்ததாத்தான் நினைக்கிறன்.

* * *

சென்னையிலிருந்து. படித்தேன், சரி. ஆனால் ஒரு சந்தேகம். உங்கள் இரண்டு பேர் கதையிலும் நல்லது நடந்ததெல்லாம் கைடு பக்கத்தில் இல்லாதபோதுதான். பிறகு எதற்கு அவ்வளவு பணம்? போனில் மேப் போட்டுக்கொண்டு நீங்களே போயிருக்கலாமே? இன்னொன்று, வெட்கப்படாமல் கேட்கிறேன், உட்கார முடிந்ததா? கடைசியாக, அந்தக் காப்பிக்கடைத் தாள் என்ன ஆனது?

* * *

கேள்வி நியாயம். ஆனால் அந்தத் தாத்தா டியூபை மட்டும்தான் ஒட்டினார், 1951ஐ எனக்குச் சொன்னது கைடு. அவள் இல்லையென்றால் "யாரோ ஒரு பெரியவர் பஞ்சர் பார்த்தார்" என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அதோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுபது கிலோமீட்டர் எதிர்காற்று என் வயதில் ஆகாது. முப்பது வயதுக்காரர்கள் தாராளமாகத் தனியே போகலாம், அந்தப் பாதையில் தொலைய முடியாது. ஆறு எப்போதும் ஒரே பக்கம்தான்.

உட்கார்வது: பஞ்சு வைத்த சைக்கிள் டிராயர் கட்டாயம், அதற்குள்ளே வேறு எதுவும் போடக்கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை டச்சுக்கார அம்மா பார்த்துவிட்டுக் காதில் சொன்னார். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தினம் இருபது கிலோமீட்டர் மிதித்துப் பழகுங்கள். கொசு விரட்டும் மருந்து எடுத்துப் போங்கள், போ கடலில் சேரும் பக்கத்துக் கொசு நம் கொசுவுக்கு அண்ணன்.

அந்தத் தாளை அந்த அம்மா நாங்கள் இருக்கும்போதே காப்பி மெஷினுக்கு மேலே, லாட்டரி அட்டைக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார். தலைகீழாக. அண்ணி கல்லாவைச் சுற்றி உள்ளே போய், பிரித்து, நேராக்கி ஒட்டிவிட்டு வந்தார்.