தவிடு சேர்த்த கறிக்கோழித் தீவனத்துக்கு நொதி தேவையா?

ஆலங்குளம் பண்ணையாளர்:
மக்காச்சோளம் விலையேறும் போதெல்லாம், அரிசித் தவிட்டைக் கூட்டி நொதிப் பொடியைக் கலந்தால் போதும் என்று விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். என் கணக்கில் அது வீண் செலவு. கோதுமையும் பார்லியும் ஊட்டும் ஐரோப்பிய நாடுகளில், அத்தானியங்களின் கரையும் நார் குடலில் பசையாகக் குழைந்து செரிமானத்தைத் தடுத்து எச்சத்தையும் ஒட்டச் செய்வதால், நாரை உடைக்கும் நொதிகளான சைலனேசுக்கும் பீட்டா குளுக்கனேசுக்கும் அங்கே வேலை இருக்கிறது. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த நம் தீவனத்தில் அந்தப் பசை மிகக் குறைவு. தவிட்டின் நாரிலும் பெரும்பகுதி நீரில் கரையாதது. இல்லாத பசையை அறுக்க நொதி எதற்கு?

அம்பாசமுத்திரம் கால்நடை மருத்துவர்:
அண்ணாச்சி, பசையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நொதியின் வேலை அதோடு முடிவதில்லை. மாவுச்சத்தும் புரதமும் தாவர உயிரணுச் சுவருக்குள் அடைபட்டிருக்கின்றன. அச்சுவர் ஓரளவு உடைந்தாலும் கோழியின் சொந்த நொதிகள் உள்ளே செல்ல வழி கிடைக்கும். அதைவிட முக்கியமானது பைட்டேஸ் என்ற நொதி. தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம், ஆயினும் அதில் பெரும்பகுதி கோழியால் எளிதில் செரிக்க முடியாத பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. பைட்டேஸ் அந்தக் கட்டை அவிழ்ப்பதால், அதைச் சேர்ப்பவர்கள் அதற்கேற்ப, பாஸ்பரசுக்காகக் கலக்கும் டி.சி.பி. (டைகால்சியம் பாஸ்பேட்) அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு நொதியைக் குறை சொல்வதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆலங்குளம் பண்ணையாளர்:
பைட்டேசை ஒப்புக்கொள்கிறேன், அது நாரை உடைக்கும் நொதி அல்லவே. சுவர் உடைவதால் கிடைக்கும் லாபம் பொடியின் விலையை ஈடுகட்டுமா என்பதே என் கேள்வி. கடந்த ஆண்டு பிசான நெல் அறுவடை முடிந்ததும் ஆலைத் தவிடு மலிவாகக் கிடைத்தது என்று கலவையில் அதை உயர்த்தினேன். நொதி போட்டும் எடை குறைந்தது. எண்ணெய் எடுக்காத தவிட்டை ஆலையிலிருந்து கொண்டுவந்து சில நாள் வைத்தாலே அதிலேயே உள்ள லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைத்துக் காறல் வாடை ஏற்றிவிடுகிறது. அந்தக் கேட்டை எந்தச் சைலனேசும் தீர்க்காது.

பாளையங்கோட்டை தீவனக் கலவையாளர்:
இருவரும் நாரை உடைத்தே தீர வேண்டிய பகையாகப் பேசுகிறீர்கள். கரையாத நாரைச் சிறிதளவு, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு மட்டும் சேர்த்தால் கோழியின் அரைவைப்பை (தீவனத்தை அரைக்கும் தசைப்பை) தடித்து வலுப்பெறுகிறது. தீவனம் அங்கே நெடுநேரம் தங்கி, அமிலத்தில் ஊறி, நன்கு அரைபட்டுக் குடலுக்குள் இறங்குகிறது. மாவாக அரைத்த தீவனத்தையே தின்னும் கோழிக்கு அந்தத் தசை சுருங்கிவிடும். கொட்டகையில் பரப்பிய உமியைக் கோழிகள் கொத்தித் தின்பதை நாமெல்லாரும் பார்க்கிறோமே! அளவு மீறினால் தீவனத்தின் எரிசக்தி குறைந்து எடை விழும் என்பதையும் மறுக்கவில்லை.

அம்பாசமுத்திரம் கால்நடை மருத்துவர்:
அண்ணாச்சி, உங்கள் எடை குறைந்ததற்குக் காறிய தவிடு காரணமா, நொதி பயனற்றுப் போனது காரணமா என்று இரண்டும் கலந்த ஒரே பேட்ச்சை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த முறை எண்ணெய் எடுத்த தவிட்டை வாங்கி, ஒரே நாளில் இறங்கிய குஞ்சுகளை இரண்டு தடுப்புகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் நொதி கலந்து, தின்ற தீவனத்தையும் 35ஆம் நாள் எடையையும் தனித்தனியே குறித்து வையுங்கள். சூடாக்கிக் குருணைத் தீவனமாக அழுத்துவதாக இருந்தால் வெப்பத்தைத் தாங்கும் நொதியாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண நொதி அந்தச் சூட்டிலேயே செயலிழந்துவிடும்.

ஆலங்குளம் பண்ணையாளர்:
தூள் தீவனம்தான் போடுகிறேன். கார்த்திகையில் இறக்கும் குஞ்சுகளில் இதைச் செய்கிறேன். இரண்டு தடுப்புகளின் கணக்கையும் இங்கேயே எழுதுகிறேன்.