அப்டேட்: மாச்சு பிச்சு போயிட்டு வந்தாச்சு

போன மாசம் "பெரு நாட்டுல இன்கா மக்கள் மலைமேல கட்டின பழைய நகரம் மாச்சு பிச்சு பாக்கப் போறேன், உயரம் ஒத்துக்குமா"ன்னு பயந்து கேட்டிருந்தேன்ல, போயிட்டு வந்துட்டேன். பயந்தது தப்பான இடத்துக்கு! மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், ஃபிளைட் இறங்குற குஸ்கோ நகரம்தான் கிட்டத்தட்ட 3,400, அங்க முதல் நாள் ரெண்டு மாடி ஏறவே நாக்கு தள்ளிடுச்சு, தலை வேற விண்ணுவிண்ணுன்னு தெறிச்சுது. நீங்க சொன்ன மாதிரி மறுநாளே இன்னும் கீழ இருக்கிற ஒல்லந்தாய்தம்போங்கிற ஊருக்கு இறங்கி ரெண்டு ராத்திரி தங்கினேன், சரியாப்போச்சு.

அப்புறம் மாச்சு பிச்சு போனா ஒரே மேகம், காசு போச்சேன்னு உக்காந்திருந்தப்ப திரை விலகுற மாதிரி ஒவ்வொரு படியா தெரிஞ்சுது பாருங்க... சாந்தே பூசாம அடுக்கின சுவர், இடுக்குல நகத்த வெச்சுப் பாத்தேன், நுழையல. (தொடக்கூடாதாம், காவலர் விசிலடிச்சுட்டார்.) 15ஆம் நூற்றாண்டுல இரும்புக் கருவி இல்லாம செதுக்கினது! பக்கத்துல நிக்கிற வாய்னா பிச்சு மலை ஏறத்தான் டிக்கெட் கிடைக்கல.