கொம்பனித்தெருவில் என் இந்தோனேசிய மொழி தோற்றுப்போன நாள்

வகுப்புக்குப் போய் எந்த மொழியும் படிக்காத ஆள் நான். 2020 ஊரடங்கில் கொழும்பு வெள்ளவத்தை அறையில் அடைபட்டுக் கிடந்தபோது இந்தோனேசிய விடுதலை வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். மூலத்தையே பார்ப்போம் என்று, 1945 ஆகஸ்ட் 17 தலைவர் சுகர்ணோ வாசித்த சுதந்திரப் பிரகடனத்தைத் தேடி எடுத்தேன். மொத்தமே இரண்டு வசனம். அகராதி இருந்தால் ஒரு பின்னேர வேலை என்று நினைப்பு.

எழுத்துக்கூட்டலிலேயே முட்டினேன். ‘உ’ ஓசையை அப்போது டச்சு முறையில் இரண்டு எழுத்தால் எழுதியிருக்கிறார்கள். புது அகராதியில் அந்தச் சொற்கள் அகப்படவில்லை. அதைவிடக் குழப்பியது கீழே இருந்த திகதி: 17ஆம் நாள், 8ஆம் மாதம், ஆண்டு 05. ‘45’ ஐ யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று ஒரு கிழமை நம்பினேன். பிறகுதான் பிடிபட்டது, அது ஜப்பானிய ஆண்டு 2605. ஜப்பான் சரணடைவதாக அறிவித்து இரண்டே நாள். சுதந்திரத்தை அறிவிக்கிற தாளில் ஆக்கிரமித்தவனின் நாட்காட்டி! பாடப்புத்தகத்தில் மூன்றரை வருட ஜப்பானிய ஆட்சி என்று ஒரு வரியில் கடந்துபோனது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு வருடத்தில் ஓரளவு வாசிக்க வந்தது. பேசத்தான் ஆளில்லை. ஒருநாள் காற்சட்டை சுருக்கக் கொம்பனித்தெருவில் ஒரு தையல் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் மலாய்க்காரர். இந்தோனேசிய மொழியும் மலாயின் ஒரு வடிவம்தானே. விடுவேனா? “சாயா பெர்கி கெ ரூமா” என்றேன், நான் வீட்டுக்குப் போகிறேன் என்ற நினைப்பில். அவர் ஊசியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மகன், ரேடியோவில நியூஸ் வாசிக்கிறீங்களா? நாங்க ‘செ ரூமாநங் சுபி’ எண்டுதான் சொல்லுவம். அது போயாச்சு எண்டா.”

பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். செ, நான். ரூமா, வீடு. நங், நம்முடைய ‘கு’. ‘சு’ நடந்து முடிந்ததைச் சொல்கிறது, ‘பி’ போ. நான் வீட்டுக்குப் போனேன்! இந்தோனேசிய மொழியில் வினைக்குப் பின்னால் வருகிற வீடு இங்கே முன்னால் வந்துவிட்டது. வேற்றுமை உருபும் நம்மைப்போல் சொல்லின் வாலில். டச்சுக்காரர் காலத்தில் நாடுகடத்தப்பட்டும் படையினராகவும் இலங்கைக்கு வந்தவர்களின் மொழி, தமிழோடும் சிங்களத்தோடும் பழகிப் பழகி இலக்கணத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. 1869இல் கொழும்பிலிருந்தே அரபு எழுத்தில் ஒரு மலாய்ப் பத்திரிகை வந்ததைப் பிற்பாடு வாசித்தேன். ஜகார்த்தாவைத் தேடி இரண்டு வருடம் இணையத்தில் அலைந்தவனுக்கு, 100ஆம் நம்பர் பஸ்ஸில் போகிற தூரத்தில் இது இருந்தது தெரியவில்லை.

“ஊர் எங்க?” என்று கேட்டார். சாவகச்சேரி என்றேன். பழந்தமிழில் ஜாவாவுக்குச் சாவகம் என்று பெயர், ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள் என்றதும் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்: “இங்க வாங்க, ஜாவாச்சேரியில இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு!”

காற்சட்டைக்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு பின்னேரங்களில் கொப்பியோடு போகிறேன். வீட்டில் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர் மலாயில் கேட்டால் சிங்களத்தில்தான் பதில். ஆனால் நான் ‘நங்’ ஐ விட்டுவிட்டுப் பேசினால் மட்டும் இரண்டும் ஒன்றாகத் திருத்துகின்றன.