முதலில் கெப்பாசிட்டரா, முதலில் மல்டிமீட்டரா?

ஈயப்புகை: பழைய ஆர்கேட் பெட்டி (காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி) வாங்கிய கத்துக்குட்டிகளுக்கு என்று நேற்று இங்கே இடப்பட்ட அறிவுரையைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 1982இல் மிட்வே வெளியிட்ட மிஸ் பேக்-மேன் பெட்டியை வீட்டில் இறக்கியவர், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மானிட்டரில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் அத்தனையையும் மாற்றிவிட வேண்டுமாம். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தே இராதவரிடம் சொல்லும் பேச்சா இது? பிளஸ், மைனஸ் பார்த்து வைக்க வேண்டிய, உள்ளே திரவம் ஊறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றே ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டால், பழைய பழுது எது, அவர் உண்டாக்கிய பழுது எது என்று பிரம்மனாலும் பிரிக்க முடியாது.

பழம்பெட்டி: அதை எழுதியவன் நான்தான் என்று தெரிந்தும் பெயரைச் சொல்லாமல் திட்டும் நாகரிகத்துக்கு நன்றி. நாற்பது ஆண்டுகள் சூட்டில் வெந்த எலக்ட்ரோலிட்டிக் உலராமல் இருக்கும் என்று நம்புகிறவரோடு நான் என்ன பேசுவது? இத்தகைய பெட்டிகளில் இருக்கும் எலக்ட்ரோஹோம் ஜி07 மானிட்டரில் படத்தின் ஓரம் பாம்பாக நெளிந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்மீதுதான். ஆகவே முதலில் கெப்பாசிட்டர், பிறகுதான் மற்றவை.

ஈயப்புகை: நெளிந்தால் மாற்றுங்கள், யார் தடுத்தது? நெளிகிறதா என்று பார்க்கவே நீங்கள் விடவில்லையே ஐயா. மிஸ் பேக்-மேனின் சர்க்யூட் போர்டு சுமார் 7 வோல்ட் ஏசியை வாங்கித் தானே டிசியாக மாற்றிக்கொள்வதால், அதன் விளிம்பைச் செருகும் எட்ஜ் கனெக்டர் சூடேறிக் கருகுவது ஊரறிந்த பழுது. முதலில் ஃபியூஸ்களைக் கழற்றி அளந்து, போர்டின் விளிம்பில் கருகிய உலோக விரல்களைப் பார்த்து, போர்டில் 5 வோல்ட் நிற்கிறதா என்று மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். திரை முழுக்கக் குப்பை எழுத்துகள் நின்றால் மானிட்டரின் கெப்பாசிட்டர் அதற்கு என்ன செய்யும்? பிராசசரான இசட்80 சிப்பின் சாக்கெட்டிலிருந்து துணைப் போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிளை அல்லவா முதலில் அசைத்துப் பார்க்க வேண்டும்!

புதுமுகம்: ‘அத்தனையும்’ என்றால் எலக்ட்ரோலிட்டிக் மட்டுமா, செராமிக் கெப்பாசிட்டரும் சேர்த்தா என்று யாராவது விளக்க முடியுமா?

பழம்பெட்டி: ரிப்பன் கேபிளைப் பற்றி நான் பேசவே இல்லை. கெப்பாசிட்டரைப் பற்றித்தான் பேசினேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

கோணல்திரை: படம் சுருங்கி ஒற்றைக் குறுக்குக்கோடாக நின்றாலும் காரணம் கெப்பாசிட்டர்தான் என்று அந்த அறிவுரை சொல்கிறது. கனெக்டர் ஊசியின் அடியில் பற்றவைத்த ஈயம் வளையமாக வெடித்திருந்தாலும் அதே கோடுதான் வரும்.

பழம்பெட்டி: மிஸ் பேக்-மேனில் மானிட்டர் படுக்கையாக அல்ல, நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. எனவே வருவது குறுக்குக்கோடு அன்று, நெடுக்குக்கோடு. இதுகூடத் தெரியாதவர்கள் பாடம் நடத்த வருகிறார்கள்.

கோணல்திரை: கோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் வெடித்த ஈயம் ஒட்டாது. போன ஆண்டு ஒரு டான்கி காங் பெட்டியின் பிக்சர் டியூபைப் பிடுங்கிவிட்டு எல்சிடியைச் செருகியவர் நீங்கள்தானே? அதற்கு முன்பும் கெப்பாசிட்டர் மாற்றினீர்களா?

பழம்பெட்டி: அந்த டியூபின் கழுத்து உடைந்திருந்தது என்று அப்போதே விளக்கிவிட்டேன்.

ஈயப்புகை: எல்சிடிக் கதையை விடுங்கள், எனக்கு உறுத்துவது வேறு. கலர் டியூபின் உயரழுத்த முனையான ஆனோடில் ஏறும் அழுத்தம் ஏறக்குறைய 20,000 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே தேங்கி நிற்கக்கூடும். ஒரு முனையை டியூபின் உலோகச் சட்டத்தில் கவ்விய கம்பியை ஸ்க்ரூடிரைவரில் கட்டி, ஒற்றைக் கையால் ஆனோடை மூடிய ரப்பர் மூடியின் அடியில் நுழைத்து, தேங்கிய மின்சாரத்தை இறக்கிய பிறகே சேசிஸை (மானிட்டரின் சர்க்யூட் பலகையை)த் தொட வேண்டும். வொர்க்பெஞ்சில் வைத்துச் சோதிப்பவர், வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பைத் துண்டிக்கும் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஜி07ஐ நேரடியாக வீட்டு மின்சாரத்தில் இணைக்கக்கூடாது. கத்துக்குட்டியை நேராக மானிட்டருக்குள் கைவிடச் சொன்ன உங்கள் அறிவுரையில் இவற்றில் ஒரு வரியாவது இருக்கிறதா?

பழம்பெட்டி: அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் எழுதவில்லை.

ஈயப்புகை: எல்லோருக்கும் தெரியுமென்றால் ‘கத்துக்குட்டிகளுக்கு’ என்று தலைப்பு எதற்கு வைத்தீர்கள்?

புதுமுகம்: செராமிக்கையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தேன்.

பழம்பெட்டி: இரண்டாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் வரியும் ‘முதலில் கெப்பாசிட்டரை மாற்றுங்கள்’ என்பதுதான்.

ஈயப்புகை: தாராளமாக எழுதுங்கள். அதன் அடியில் ஃபியூஸிலிருந்து தொடங்கி மறுபடியும் எழுத எனக்கும் நேரம் இருக்கிறது.